ட்வீட் ஜாக்கெட்டைக் கூட்யூர் முறையில் வீட்டிலேயே தைக்க: துணி தேர்விலிருந்து சங்கிலி வரை

காலர் இல்லாத கழுத்து, முன்பக்கம் ஒட்டுப் பைகள், ஓரங்களில் பின்னல் பட்டை, உள்ளே பட்டு லைனிங், அடி ஓரத்தில் மெல்லிய சங்கிலி என்று அமைந்த பாரிஸின் ஷனேல் ஆடை நிறுவனப் பாணி ட்வீட் (கம்பளித் துணி) ஜாக்கெட்டைத் தாமே தைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பகுதியைக் கையாலேயே நுணுக்கமாகத் தைக்கும் இந்தக் கூட்யூர் முறையின் படிகளை முழுமையாகவும் சரியான வரிசையிலும் தமிழில் எங்கும் காண முடியாமல், துண்டு துண்டாகச் சேகரித்துத் திண்டாடித்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். அடுத்து வருகிறவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கலாம். லைனிங் வைத்த உடையும் தனியாக ஏற்றும் கையும் தைத்துப் பழகியவர்களுக்கு இந்த வேலை எட்டாத ஒன்றல்ல. ஆனால் வழக்கமான கோட் தைக்கும் முறையை முதலில் மனத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

வழக்கமான கோட்டுக்கு உருவம் கொடுப்பது உள்ளே வைக்கும் கான்வாஸும் ஒட்டுத் துணியும். இந்த ஜாக்கெட்டில் அவை இரண்டும் கிடையாது. ட்வீட்டையும் லைனிங் பட்டுத் துணியையும் ஒன்றோடொன்று சேர்த்து ஓட்டும் செங்குத்துத் தையல் வரிகள்தான் இதன் உருவத்தைத் தாங்குகின்றன. அதனால்தான் இது கோட்டைப் போல விறைத்து நிற்காமல், ஸ்வெட்டரைப் போல உடலோடு படிகிறது. நழுவும் இரண்டு துணிகளை இப்படிச் சேர்த்து வேலை செய்யும்போது, துணியின் வெட்டு விளிம்பை எந்தக் கட்டத்திலும் அளவாகக் கொள்ளக் கூடாது. நூலால் குறித்த தையல் கோடு ஒன்றே அளவு. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விதியைச் சார்ந்தவை.

1. நேரத்தையும் செலவையும் முதலில் கணக்கிடுங்கள்

முதல் ஜாக்கெட்டுக்கு எண்பது முதல் நூறு மணி நேரம் ஒதுக்குங்கள். இதில் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் நேரம் மிகக் குறைவு; பாதிக்கு மேல் கைத்தையலுக்கே போகும். முதலில் காடாத் துணியில் மாதிரி தைத்து அளவைச் சரிசெய்யப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும், வெட்டிக் குறிக்கப் பத்து மணி நேரமும் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதிகளில் மட்டும் தைப்பவர்கள், குளிர்காலத்துக்கு வேண்டுமானால் கோடையிலேயே தொடங்குவது நல்லது. திருமணம், விழா என்று ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு கடைசி மாதத்தில் தொடங்காதீர்கள். கைத்தையலை அவசரப்படுத்தினால் அது வெளியே தெரிந்துவிடும்.

இடுப்பெலும்பு வரை நீளமும் முழுக்கையும் கொண்ட நடுத்தர அளவு ஜாக்கெட்டுக்கு, 150 செ.மீ. அகலமுள்ள ட்வீட் இரண்டே கால் மீட்டரும், லைனிங் பட்டு இரண்டரை மீட்டரும் தேவைப்படும். கட்டம் பெரிதாக இருந்தால் ட்வீட்டில் இன்னும் கால் மீட்டர் சேர்த்து வாங்குங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் ட்வீட்டுக்கு மீட்டருக்கு முப்பது முதல் ஐம்பது பவுண்டும், பட்டுக்கு இருபது பவுண்டை ஒட்டியும் செலவாகும் என்று எதிர்பார்க்கலாம். பட்டை, பொத்தான், சங்கிலி, நூல் எல்லாம் சேர்ந்தால் மொத்தச் செலவு இருநூறு பவுண்டைச் சுற்றி நிற்கும். ஷனேல் கடையில் இதற்குப் பல ஆயிரம் பவுண்டு கேட்பார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் இருநூறு பவுண்டும் வீணாக்கக்கூடிய தொகையல்ல. ஆகவே மாதிரி உடலில் சரியாக அமையும் வரை ட்வீட்டில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை இந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். துணித் துணுக்குகள், ரசீதுகள், அளவெடுத்த தேதி, பேட்டர்னில் (துணி வெட்டுவதற்கான வடிவத்தாளில்) செய்த மாற்றங்கள், இயந்திரத்தில் வைத்த தையல் நீளம் ஆகியவை அதில் ஏற வேண்டும். வெளிநாட்டிலிருந்து துணி தருவிப்பவர்கள், இறக்குமதி வரியோடு கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேரக்கூடும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, விலைப்பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள்.

2. ட்வீட்டும் லைனிங்கும்

இந்த ஜாக்கெட்டுக்கு வேண்டியது தளர்வாக நெய்த, சுருள் நூல் கலந்த பூக்லே வகை ட்வீட். வேட்டைக் கோட்டுக்குப் பயன்படும் இறுகிய ஹாரிஸ் ட்வீட் தரமான துணிதான், ஆனால் இதற்குப் பொருந்தாது. தையல் வரிகள் அதில் புதையாமல் மேலே நின்றுவிடும். இங்கிலாந்தின் கார்லைல் நகரில் 1912இல் தொடங்கப்பட்ட லின்டன் ஆலையின் துணிகள் ஷனேலுக்குச் சென்றவை என்பதால், இந்த வேலையில் இறங்குபவர்கள் பலரும் அந்தப் பெயரைத்தான் முதலில் கேள்விப்படுவார்கள். எங்கே வாங்கினாலும் துணுக்கு வரவழைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். துணுக்கை விரலிடுக்கில் பிடித்து ஓரத்திலிருந்து ஓர் ஊடை நூலை இழுத்துப் பாருங்கள். நான்கைந்து நூல்கள் சேர்ந்து தானாகவே கழன்று வந்தால் அந்தத் துணியை இரண்டாவது ஜாக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் முயற்சிக்குக் கொஞ்சம் பிடிப்புள்ள துணியே நல்லது. குறுக்கும் நெடுக்கும் தெளிவான கட்டம் இருந்தால் லைனிங் தையலுக்கு அந்தக் கோடுகளே வழிகாட்டும். முழுக்க ஒரே நிறத்திலுள்ள துணியைவிடக் கட்டமுள்ளது தொடக்கக்காரர்களுக்கு உண்மையில் எளிது.

லைனிங்குக்குச் சார்மூஸ் அல்லது க்ரேப் டி ஷீன் என்னும் மென்மையான பட்டு வகை எடுங்கள். பாலியஸ்டர் வியர்வையை உள்ளேயே தேக்கும், இஸ்திரிச் சூட்டுக்கும் சரியாகப் படியாது. பழைய பட்டுப் புடவையை லைனிங்காகப் போடலாமா என்று நம் வீடுகளில் உடனே கேட்பார்கள். காஞ்சிப் பட்டு இதற்கு வேண்டாம். அதன் விறைப்பு ட்வீட்டின் மென்மையைக் கெடுத்துவிடும். ஜரிகையில்லாத, இழை நலியாத க்ரேப் பட்டுப் புடவை இருந்தால் உடல் பகுதிக்குத் தாராளமாகப் போடலாம்.

வெட்டும் முன் ட்வீட்டை நீராவியால் சுருங்கவிட வேண்டும். துணியைப் பரப்பி, இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, நிறைய நீராவி விட்டு, அசைக்காமல் காயவிடுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால், கையை ஏற்றும்போது கொடுக்கும் நீராவியில் துணி சுருங்கி, அதுவரை பொருத்திய கட்டங்கள் விலகும்.

3. பேட்டர்னும் காடாத் துணி மாதிரியும்

பேட்டர்ன் வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். தோளிலிருந்து மார்பின் வழியாக அடி வரை நீளமாக இறங்கும் தையலான பிரின்சஸ் வெட்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு கையும் மூன்று துண்டுகளால் ஆனதாக இருந்தால் மிக நல்லது. மூன்று துண்டுக் கை முழங்கையின் இயல்பான வளைவோடு இறங்குவதோடு, மணிக்கட்டில் பொத்தான் வைக்கும் திறப்புக்கும் இடம் தருகிறது. வோக் என்னும் பேட்டர்ன் நிறுவனத்தின் 8804 எண் கொண்ட பேட்டர்ன் இந்த முறைக்காகவே வரையப்பட்டது.

மாதிரியைக் காடாத் துணியில், தையல் கோடுகளையும் மார்பு, இடுப்பு, முழங்கை மட்டக் கோடுகளையும் பேனாவால் வரைந்து தையுங்கள். ட்வீட்டின் தடிப்பையும் லைனிங்கையும் கணக்கில் கொண்டு, உள்ளே போடப்போகும் சட்டையின் மேல் அணிந்து பாருங்கள். மட்டக் கோடுகள் தரைக்கு இணையாக இருக்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்தும் முதுகுப் பக்கமிருந்தும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்குழி உயரமாகவும் அக்குளை ஒட்டியும் இருக்க வேண்டும். நம்மில் பலர் வசதிக்காகக் கைக்குழியை இறக்கி வெட்டிப் பழகியிருக்கிறோம். இந்த ஜாக்கெட்டில் அப்படி வெட்டினால் கையைத் தூக்கும்போது மொத்த ஜாக்கெட்டும் மேலேறும்.

எல்லாம் சரியான பிறகு காடா மாதிரியைப் பிரித்து இஸ்திரி போட்டு வையுங்கள். இனி அதுவே உங்கள் பேட்டர்ன். தையலுக்கு விடும் துணியை முழுவதுமாக வெட்டிவிட்டுத் தையல் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. வெட்டுதலும் நூலால் குறித்தலும்

ட்வீட்டை மடித்து வெட்டக் கூடாது. ஒற்றையாக, நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஒவ்வொரு துண்டாக வைத்து வெட்டுங்கள். ஒரு பக்கத்துக்கான துண்டை வெட்டியதும், அதையே கவிழ்த்து, கட்டத்தோடு கட்டம் பொருந்தும்படி துணியில் வைத்து மறுபக்கத் துண்டை வெட்டினால் இரு பக்கமும் ஒத்திருக்கும். தையல் கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் துணி விடுங்கள். துணி வீணாகிறது என்று தோன்றும். ஆனால் பூக்லே பிரிந்து பிரிந்து ஒரு சென்டிமீட்டராவது கரையும், மிச்சம் உள்ளதுதான் பிறகு அளவைத் தளர்த்த உதவும்.

கட்டம் எங்கெல்லாம் பொருந்த வேண்டும் என்பதை வெட்டும்போதே முடிவு செய்ய வேண்டும்: முன் நடு, பக்கத் தையல், பிரின்சஸ் தையலின் மார்புக்குக் கீழ்ப்பட்ட பகுதி, கையும் உடலும் சந்திக்கும் முன்பக்கம் ஆகியவை கட்டாயம். கையின் கட்டத்தைத் தோள் உச்சியில் பொருத்த முயலாதீர்கள், அங்கே ஒருபோதும் பொருந்தாது. முன் கைக்குழியின் நடுவில், மார்பு மட்டத்தை ஒட்டிப் பொருத்தினால், நேராக நிற்கும்போது குறுக்குக் கோடு ஒரு கையிலிருந்து மறு கை வரை முறியாமல் ஓடும்.

பிறகு, மாறுபட்ட நிறப் பருத்தி நூலால் ஒவ்வொரு தையல் கோட்டையும் நேர் இழைக் கோட்டையும் மட்டக் கோடுகளையும் நீண்ட ஓட்டுத் தையலால் குறியுங்கள். மூலைகளில் நூலைத் திருப்பாமல் இரண்டு கோடுகளும் குறுக்கிட்டுக் கடக்கும்படி ஓட்டினால், மூலை சரியாக எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பது இரு பக்கமும் தெரியும். சாக்கட்டி பூக்லேயில் நிற்காது. குறித்தான பின் உடல் பகுதியைத் தற்காலிகத் தையலால் இணைத்து ஒரு முறை அணிந்து பார்த்துவிடுங்கள். காடாத் துணி சொல்லாத சிலவற்றை ட்வீட்டின் எடை சொல்லும்.

5. லைனிங்கை ட்வீட்டோடு சேர்த்துத் தைத்தல்

லைனிங் துண்டுகளை ட்வீட் துண்டுகளைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டுங்கள். ட்வீட்டின் உள்பக்கத்தில் பட்டின் உள்பக்கம் படும்படி வைத்து, நடுவிலிருந்து வெளியே கையால் நீவி, தற்காலிகத் தையலால் பிடியுங்கள்.

இயந்திரத்தில் இரண்டு துணிகளையும் ஒரே சீராக நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டை மாட்டி, தையல் நீளத்தை 3 முதல் 3.5 மி.மீ. வரை வைத்து, ட்வீட் மேலே இருக்கும்படி ஓட்டுங்கள். மேல் நூல் ட்வீட் நிறத்திலும் பாபின் நூல் பட்டின் நிறத்திலும் இருக்கட்டும். வரிகள் செங்குத்தாக, மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில், துணியின் கட்டக் கோட்டை ஒட்டியே போக வேண்டும். தையல் கோடுகள், கழுத்து, கைக்குழி, அடி ஓரம் எல்லாவற்றிலிருந்தும் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் முன்பே வரியை நிறுத்துங்கள். ஓரம் வரை ஓட்டிவிட்டால் லைனிங்கை விலக்கிக்கொண்டு ட்வீட்டை மட்டும் இணைக்க இடமிருக்காது. புதியவர்கள் பலரும் சிக்கும் இடம் இதுதான்.

வரியின் முனையில் இயந்திரத்தில் பின்னோக்கி ஓட்டி முடிச்சிடக் கூடாது. மேல் நூலை ஊசியால் உள்பக்கம் இழுத்து, இரண்டு துணிகளுக்கும் நடுவில் பாபின் நூலோடு சேர்த்து முடிந்து, வால்களை ஊசியில் கோத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் நடுவிலேயே ஓடவிட்டு நறுக்குங்கள். ஒரு துண்டுக்குப் பல வரிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள் என்று இது நீளமான வேலை. ஆனால் முடிந்த பின் விரலை வைத்து வருடினால், தையல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. வெளிப்புறத்தில் நூல் பூக்லேயின் சுருள்களுக்குள் மறைந்துவிடும்.

இந்தத் தையலில் துணி சிறிது உள்வாங்கும். ஆகவே எல்லாத் துண்டுகளும் முடிந்ததும், காடா மாதிரியைத் திரும்ப மேலே வைத்து அளவைச் சரிபார்த்து, விலகிய இடங்களில் நூல் கோட்டை மறுபடியும் போடுங்கள்.

6. உடல் பகுதியை இணைத்தல்

லைனிங்கைக் குண்டூசியால் மடித்து ஒதுக்கி, ட்வீட்டை மட்டும் நூல் கோட்டின் மேல் இயந்திரத்தில் தையுங்கள். தையலை விரித்து, ஈரத் துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். டவல் விரித்த பலகையில் செய்தால் பூக்லேயின் சுருள் நசுங்காது. தையலுக்கு விட்ட துணியை இரண்டு சென்டிமீட்டராக நறுக்கி, மீன்முள் தையலால் தளர்வாகப் பிடித்துவிடுங்கள்.

பிறகு லைனிங்கின் ஒரு பக்கத்தைத் தட்டையாக விரித்து, மறுபக்கத்தைத் தையல் கோட்டில் மடித்து அதன் மேல் வைத்து, மறைதையலால் கையில் தையுங்கள். பட்டுத் துணியை இழுத்துப் பிடிக்கக் கூடாது. தோள் தையலிலும் கழுத்திலும் முன் ஓரங்களிலும், ஆர்கன்சா என்னும் மெல்லிய, விறைப்பான பட்டின் கரையை மெல்லிய நாடாவாகக் கிழித்து வைத்துத் தைத்தால் அவை நீண்டு தொங்காது. இந்த ஜாக்கெட்டில் வேறெங்கும் தாங்குதுணி வேண்டாம்.

7. கை

கைத் துண்டுகளையும் இதே முறையில் லைனிங்கோடு சேர்த்துத் தைத்து இணையுங்கள். கையின் தலைப்பகுதி கைக்குழியைவிடச் சுற்றளவில் பெரிது. அந்த மிகுதியை இரண்டு வரி ஓட்டுத் தையலால் சுருக்கி, வளைந்த இஸ்திரித் திண்டின் மேல் வைத்து நீராவியால் உள்வாங்கவிடுங்கள். கம்பளி நூல் இதற்கு நன்றாக இணங்கும். சுருக்கம் மடிப்பாக நிற்காமல் கிண்ணம்போல் குவிந்த பின்னரே ஏற்ற வேண்டும்.

கையை ஏற்ற இயந்திரம் வேண்டாம். மெழுகு பூசிய இரட்டை நூலால், கைக்குழியின் நூல் கோட்டில் பின்தையல் போடுங்கள். கையால் தைக்கும்போது கட்டம் விலகுவது உடனே கண்ணில் படும். இரண்டு தையலைப் பிரித்துச் சரிசெய்யலாம். முன்கையின் சாய்வு ஒவ்வொருவருக்கும் வேறுபடும் என்பதால், முதலில் தற்காலிகமாகப் பிடித்து, அணிந்தவர் கையைத் தொங்கவிட்டு, தேவையானால் ஜாக்கெட்டின் கையைச் சிறிது முன்னோ பின்னோ சுழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஓரங்கள், பட்டை, பைகள்

முன் ஓரம், கழுத்து, அடி, மணிக்கட்டு ஆகியவற்றில் ட்வீட்டை நூல் கோட்டில் உள்ளே மடித்து மீன்முள் தையலால் பிடியுங்கள். கழுத்து வளைவில் வெட்டுக் கொடுக்கும் முன், கோட்டை ஒட்டிச் சிறு ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் பிரியாது. முன்பக்கத்துக்குத் தனி உள்பட்டி கிடையாது. லைனிங்கே ஓரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் உள்ளே வரை வந்து மறைதையலில் முடியும். அடி ஓரத்தில் மட்டும் லைனிங்கை ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே முடியுங்கள். சங்கிலி உட்கார அந்த இடம் வேண்டும்.

பின்னல் பட்டை ஐந்து முதல் ஆறு மீட்டர் தேவைப்படும். கடைப் பட்டைகள் துணியோடு ஒத்துப்போகாவிட்டால், ட்வீட்டிலிருந்து உருவிய நூல்களை மெல்லிய நாடாவோடு சேர்த்துப் பின்னலாம். என் கண்ணுக்கு அதுதான் அழகு. பட்டையின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகக் கையில் தைக்க வேண்டும். மூலைகளில் இழுக்காமல் சிறிது தளர்வு கொடுங்கள்.

பைகளைக் கடைசி வரை வெட்டாதீர்கள். ஜாக்கெட்டை அணிந்துகொண்டு, காகிதத்தில் பை வடிவம் வெட்டிக் குத்திப் பார்த்து இடத்தையும் அளவையும் தீர்மானியுங்கள். பிறகு அந்த இடத்தின் கட்டத்துக்கு ஏற்பத் துணியை வெட்டி, தனி லைனிங்கும் பட்டையும் வைத்து முடித்து, ஜாக்கெட்டின் மேல் கையால் தைத்துவிடுங்கள்.

9. காஜா

வெளிப்பக்கம் ட்வீட்டில் பட்டு முறுக்கு நூலால் கையால் காஜா எடுக்க வேண்டும். உள்பக்கம் லைனிங்கில் அதே இடத்தில் திறப்பை வெட்டி, உதடுபோல் இருபுறமும் மடித்துத் தைக்க வேண்டும். மிச்சத் துணியை லைனிங்கோடு சேர்த்துத் தைத்து, அதில் பத்துக் காஜாவாவது எடுத்துப் பழகிய பிறகே ஜாக்கெட்டைத் தொடுங்கள். கை வரவில்லை என்றால் தவறில்லை; முன் ஓரங்கள் இரண்டும் தொட்டுக்கொள்ளும்படி விட்டு, உள்ளே கொக்கி வைத்துக்கொள்ளலாம். அப்படி அமைந்த ஜாக்கெட்டுகளும் உண்டு. ஆனால் இந்த முடிவைப் பேட்டர்ன் கட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும். பொத்தான் வைத்தால் ஒரு முன்பக்கம் மற்றொன்றின் மேல் ஏற வேண்டுமே.

10. சங்கிலி

எடை குறைந்த துணி உடலிலிருந்து எழும்பாமல் தொங்கத்தான் சங்கிலி. தட்டையாகப் படியும் பித்தளைச் சங்கிலியை, அடி ஓரச் சுற்றளவைவிடப் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக வாங்குங்கள். லைனிங்கின் கீழ் விளிம்பை ஒட்டி வைத்து, ஒவ்வொரு கண்ணியையும் மேலும் கீழும் ஒரு தையலால் பிடியுங்கள். ஊசி ட்வீட்டின் உள்மடிப்பை மட்டுமே எடுக்க வேண்டும். வெளிப்பக்கம் ஒரு புள்ளியும் தெரியக் கூடாது. ஜாக்கெட்டைத் தொங்கவிட்டபடியே இதைச் செய்தால் ஓரம் சுருங்காது. முன் ஓரத்தில் பட்டை தொடங்கும் இடத்தோடு சங்கிலியை நிறுத்துங்கள். மிக மெல்லிய ட்வீட்டுக்குக் கனமான சங்கிலி போட்டால் அடி ஓரம் இழுபட்டு நீளும்.

கடைசியாக, எஞ்சியுள்ள நூல் கோடுகளை இடுக்கியால் துண்டு துண்டாக உருவுங்கள். நீளமாக இழுத்தால் பூக்லேயின் சுருளும் கூடவே வரும். இந்த ஜாக்கெட்டைத் தண்ணீரில் துவைக்கக் கூடாது. உலர் சலவைக்குக் கொடுக்கும்போது பொத்தான்களைத் துணியால் மூடித் தைத்து, அழுத்தி இஸ்திரி போட வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.